ரஞ்சி அக்காவும் ‘மிஸ் டொறத்தி’யும்

குளிர்கால டயர் போடக் காரைக் கொடுத்துவிட்டுக் கடையின் பிளாஸ்ரிக் கதிரையில் காத்திருந்தபோது ரஞ்சி அக்காவின் மகள் அபியின் அழைப்பு வந்தது. “சசி அன்ரி, அம்மா இஸ் கோன்” என்றாள். தாயைப் பற்றி அப்படிச் சொன்னது போதாது என்று பட்டதோ என்னவோ, மறுபடியும் தமிழில், “அம்மா எங்களை விட்டிட்டுப் போயிட்டா அன்ரி” என்றாள். கடைக்காரர் வந்து, பழைய டயர்களைக் காரின் பின்னுக்கு ஏற்றட்டுமா என்று கேட்டார். ஏற்றச் சொன்னேன், நன்றி சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. வரப்போகிற செய்தி என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

மரண அறிவித்தலில் ரஞ்சிதமலர் நேசராசா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, “ஆர் உது?” என்று என்னையே கேட்டவர்கள் பலர். ‘போட்’ ரஞ்சி என்றதும், “ஐயோ, அவவோ!” என்றார்கள். ஸ்காபரோவில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் சொந்தப் பெயர் செத்தவீட்டில்தான் வெளியே வரும். கப்பலில் வந்த அகதி என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர் விமானத்தில்தான் வந்தார், அதுவும் வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு. நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே இரண்டடி தள்ளித்தான் நிற்பார். அப்படிப்பட்டவருடைய கராஜில் ஒரு பந்தயப் படகு இருபது வருடங்களுக்கு மேலாகக் கிடந்தது. அவரை அறிந்தவர்கள் எல்லோரும் அந்தப் படகைப் பற்றி ஒரு பகிடியாவது விட்டிருப்போம். பகிடிக்குப் பின்னால் இருந்த கதையைத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் நான் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

மார்க்கம் நகரில் உள்ள ஒரு வாகனக் காப்புறுதி அலுவலகத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். விபத்து நடந்தால் யார் பக்கம் பிழை என்று ஆராய்ந்து எழுதுவது எங்கள் வேலை. இருவர் வீடும் வோபர்னில் என்பதால் அவருடைய காரில்தான் தினமும் போய் வருவோம். அவர் ஓட்டும் வேகத்துக்கு நடந்தே போயிருக்கலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தால், “ஏன் இவை இப்பிடி அந்தரப்படீனம்?” என்று என்னைக் கேட்பார், ஏதோ நான்தான் அவர்களுக்குப் பொறுப்பு என்பது போல.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு டாக்சிக்காரரின் கோப்பு வந்தது. வீதியோரம் நிறுத்தி வைத்திருந்த தன் காரில் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பது அவர் வாதம். ஓட்டிக்கொண்டுபோய் எங்கோ மோதிவிட்டுக் கதை அளக்கிறார் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. நசுங்கிய இடப் பக்கத்துப் படங்களை நான் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஞ்சி அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மற்றப் பக்கத்துப் படம் எங்கை?” என்றார். அந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லையே என்றேன். “அதுக்குத்தான் கேக்கிறன்” என்றார். தேடி எடுத்த படத்தில், வலப் பக்கச் சில்லுகளைச் சுற்றிக் குவிந்த ஸ்னோ குலையாமல் அப்படியே இருந்தது. கார் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. டாக்சிக்காரர் சொன்னது முழுக்க உண்மை. “உடைஞ்ச பக்கம் கத்தும் சசி. அதையே எல்லாரும் பாப்பினம். உடையாத பக்கத்தை ஒருக்காப் பார்த்திட்டு எழுதும்” என்றார். அலுவலகத்தில் அவரிடம் நான் பெற்ற ஒரே பாடம் இதுதான். மற்றதெல்லாம் திட்டு.

இனிப் படகுக்கு வருகிறேன். வோபர்னில் அவர்கள் வாங்கிய வீடு டொறத்தி என்ற வெள்ளைக்கார அம்மாவுடையது. கணவர் வோல்ரர் இறந்து, பிள்ளைகளும் இல்லாததால், அவர் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தார். கராஜில் தார்ப்பாய் மூடிய படகு கிடந்தது. வீடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். குப்பைக்கு அனுப்புவோம், வெட்டி எடுப்போம் என்றவர்களுக்கு அவர் வீட்டைக் கொடுக்கவில்லை. ரஞ்சி அக்கா, “இருக்கட்டும், உங்கடை போட்தானே” என்றாராம். பேச்சுக்குச் சொன்ன ஒரு வார்த்தை. அந்த வார்த்தையால் நேசன் அண்ணை, அதாவது அவருடைய கணவர், இருபது வருடமாக விடியற்காலையில் காரைச் சுற்றி ஸ்னோ வழித்தார். “எனக்கு டபிள் கராஜ் இருக்கு. கார் நிக்கிறது வெளியிலை. உள்ளுக்கை ராசாத்தி படுத்திருக்கிறா” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். அபி சிறுபிள்ளையாக இருந்தபோதே, “அம்மா, திஸ் இஸ் நொட் நோர்மல்” என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அந்தப் படகு ஒரு ஹைட்ரோபிளேன், அதாவது பந்தயத்துக்கென்றே கட்டும் மரப் படகு. தட்டையான உடல். ஓட்டுபவர் ஒருவர் மட்டும் இருக்க ஒரு குழி. முன்பக்கத்தில் இரு புறமும் புடைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு மரப் பெட்டிகள். வேகம் பிடித்ததும் உடல் தண்ணீரை விட்டு எழும்பிவிடும். அந்த இரண்டு பெட்டிகளும் பின்னால் சுழலும் விசிறியும் மட்டும் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடும். பெட்டிகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ரஞ்சி அக்கா கன்னங்கள் என்றுதான் சொல்லுவார். வலக் கன்னம், இடக் கன்னம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் படகின் சரித்திரத்தை ரஞ்சி அக்கா ஒரே நாளில் தெரிந்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உறைப்புப் போடாத பற்றிஸ் பொரித்து எடுத்துக்கொண்டு டொறத்தி அன்ரியைப் பார்க்கப் போவார். எங்கள் ஆட்களுக்கு வயதான பெண் யாராக இருந்தாலும் அன்ரிதானே. அங்கே துண்டு துண்டாகக் கேட்டதை அடுத்த வாரம் காரில் எனக்குச் சொல்லுவார். ஐம்பதுகளில் வோல்ரரும் அவருடைய தம்பி எடியும் அதே கராஜில், பனிக்காலம் முழுக்கக் கணப்பு மூட்டி வைத்துக்கொண்டு அந்தப் படகைக் கட்டினார்கள். உடைந்த காரொன்றின் எஞ்சினைப் பூட்டினார்கள். வோல்ரர் அப்போதுதான் டொறத்தி அன்ரியை விரும்பத் தொடங்கியிருந்தார். அதனால் படகின் பக்கத்தில் ‘மிஸ் டொறத்தி’ என்று எழுதினார். முதல் கோடையில் அது ஓடிய எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வந்தது. “என் பெயர் கடைசியாக வருவதைப் பார்க்க ஊரெல்லாம் கூட்டிப் போனார்” என்று டொறத்தி அன்ரி சொல்லிச் சிரிப்பாராம். பிறகு சின்னச் சின்ன ஏரிகளில் வெல்லத் தொடங்கியது. ஒரு வெள்ளிக் கிண்ணம் கூடக் கிடைத்தது. அதில்தான் டொறத்தி அன்ரி இறக்கும்வரை சீனி போட்டு வைத்திருந்தார்.

எடி எடை குறைந்தவர் என்பதால் அவர்தான் ஓட்டுவார். வோல்ரர் கரையில் நிற்பார். இன்னும் பெரிய எஞ்சின் ஒன்று கிடைத்த வருடம், அதன் வேகத்தைத் தாங்குவதற்குக் கன்னங்கள் இரண்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் கிழக்கே ஒரு சிற்றூர் ஏரியில் நடந்த பந்தயத்தில், திருப்பம் ஒன்றில் இடக் கன்னம் பிரிந்தது. படகு உருண்டது. எடியை உயிரோடு எடுக்க முடியவில்லை. பக்கத்தில் போன படகு கிளப்பிய அலைதான் காரணம் என்று பந்தயம் நடத்தியவர்கள் சொன்னார்கள். உள்ளூர்ப் பத்திரிகையும் அலை என்றே எழுதியது. வோல்ரர் உடைந்த படகைக் கட்டி இழுத்து வந்து, இடக் கன்னத்தைத் திரும்பச் செய்தார். எஞ்சினைக் கழற்றி விற்றார். மனைவியின் பெயருக்கு மேல் பச்சை நிறத்தைப் பூசினார். தார்ப்பாயால் மூடினார். அதன்பிறகு அது தண்ணீரைக் காணவில்லை.

இதெல்லாம் தெரிந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் டொறத்தி அன்ரி தன் மனத்தில் கிடந்த கேள்வியைக் கேட்டார். வோல்ரர் சாகும்வரை ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பந்தயத்துக்கு நேரமாகிவிட்டதென்று, கன்னங்களின் முன்பாதிக்குத் திருகாணி பூட்டாமல், பசையை மட்டும் நம்பி விட்டுவிட்டேன், தம்பியை நான்தான் கொன்றேன் என்று. டொறத்தி அன்ரியும் மற்றவர்களும் அதை நம்பவில்லை. அவ்வளவு கவனமான மனிதர் அப்படிச் செய்யமாட்டார், துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். “உன் வேலை விபத்துகளைப் பார்ப்பது. படகு உன்னிடம் இருக்கிறது. அவர் சொன்னது உண்மையா என்று நான் போவதற்கு முன் கண்டுபிடித்துச் சொல்” என்று ரஞ்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அப்போது அவர் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ரஞ்சி அக்கா இதை என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. “உதுக்கு என்ன ஆராய்ச்சி அக்கா? அலைதான் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோவன். வயசுபோன மனுசி நிம்மதியாப் போகட்டும்” என்றேன்.

“அதைத்தான் அவவுக்கு அம்பது வருசமா எல்லாரும் சொல்லீனம்.”

“அப்ப நீங்களும் சொல்லுங்கோ. ஒராள் கூடினால் குறைஞ்சா போகும்?”

“ஆறுதல் வேறை, பதில் வேறை சசி. அவ ஆறுதல் கேக்கேல்லை.” விளக்குப் பச்சையானதைக் கூடக் கவனிக்காமல் சொன்னார். பின்னால் நாலைந்து பேர் ஹோர்ன் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு வார இறுதிகளில் கராஜில் ஒரு லைற்றைக் கொளுவிக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. இடக் கன்னம் வோல்ரர் திரும்பக் கட்டியது. உடைந்த பழைய பலகைகள் எங்கே போயினவோ தெரியாது. ஆணித் தலைகளை, மரத்தூளும் பசையும் குழைத்த மரமாவால் அடைத்து, அதன்மேல் தடிப்பாக நிறம் பூசியிருந்ததால், எங்கே பூட்டியிருக்கிறது, எங்கே பூட்டவில்லை என்று கண்ணுக்குத் தெரியாது. நிறத்தை உரித்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அது வோல்ரர் பூசியது என்பார். இனி இது ஆகாது என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

அபியின் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு முந்திய சனிக்கிழமை பலகாரச் சூடு. எங்கள் வீடுகளில் அதற்குக் கராஜைத் தவிர வேறு இடம் ஏது? படகை வெளியே தள்ளுவோம் என்று நேசன் அண்ணை நின்றார். மழையில் நனையும் என்று ரஞ்சி அக்கா மறுத்துவிட்டார். கடைசியில் படகைச் சுற்றியே அடுப்புகள் வைத்தோம். படகின் முதுகில் பேப்பர் விரித்துப் பயத்தம் பணியாரமும் முறுக்கும் ஆற வைத்தோம். ஒரு அன்ரி படகின் மூக்கில் சாய்ந்து நின்றுகொண்டு சீனி அரியதரத்துக்கு அரிசிமா அரித்தார். “உந்தப் போட்டும் ஒரு நாளைக்காவது உதவிச்சுதே” என்று எல்லோரும் சிரித்தோம். பின்னேரத்துக்குள் படகின் முன்பக்கம் முழுக்க வெள்ளை மா படிந்திருந்தது.

துடைக்கலாம் என்று ரஞ்சி அக்கா உள்ளங்கையால் இடக் கன்னத்து மாவை வழித்தார். மா போன இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சின. மரமாவால் அடைத்த ஆணித் துளைகள் வருடக்கணக்கில் சூம்பி, நிறத்துக்கு அடியில் சின்னச் சின்னப் பள்ளமாக இறங்கியிருந்திருக்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளங்களுக்குள் மா தங்கிவிட்டது. இடக் கன்னத்தில் புள்ளிகள் நெருக்கி நெருக்கி, மூக்கு நுனிவரை போயின. ரஞ்சி அக்கா அப்படியே நின்றார். பிறகு மற்றப் பக்கம் போய், ஒருநாளும் உடையாத வலக் கன்னத்தில் கையை வைத்து மெல்ல வழித்தார். அங்கே புள்ளிகள் பின்னாலிருந்து அளவான இடைவெளியில் வந்தன. பாதி வழியில் நின்றுவிட்டன. அதற்கு முன்னால் வெறும் பச்சை.

“சசி, இஞ்சை வாரும்” என்றார். குரல் வித்தியாசமாக இருந்தது. உடுப்பில் குத்தியிருந்த சேப்டி பின்னைக் கழற்றி ஒரு புள்ளியைக் கிண்டினார். பித்தளை மினுங்கியது. முன்பாதியில் ஓரம் முழுக்கக் குத்திப் பார்த்தார். எங்கும் மரம்தான். “இடது பக்கம் அவர் திருப்பிக் கட்டினது. ஒண்டு காணும் எண்ட இடத்திலை மூண்டு ஆணி போட்டிருக்கிறார், பாவம் மனுசன். இந்தப் பக்கத்தை அவர் தொடவே இல்லை. ரேஸுக்குப் போகேக்கை எப்பிடி இருந்துதோ, அப்பிடியே விட்டிருக்கிறார். ரெண்டையும் ஒரே மாதிரித்தானே செய்திருப்பார்” என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. “ரஞ்சி, எண்ணெய் கருகுதடி!” என்று யாரோ கத்தினார்கள். ஒருவரும் போகாததால் நான்தான் ஓடிப்போய் அடுப்பைக் குறைத்தேன்.

கல்யாணம் முடிந்தது. டொறத்தி அன்ரியிடம் அவர் போகவில்லை. இரண்டு ஞாயிறு சாட்டுச் சொல்லிக் கடத்தினார். ஒருநாள் அலுவலக வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார். “நான் அந்த மனுசியின்ரை வீட்டிலை இருக்கிறன். அவவின்ரை மனுசன் தம்பியைச் சாகக் குடுத்தது அவரின்ரை பிழையாலைதான் எண்டு, நானே போய் எந்த வாயாலை சொல்லுறது?” என்று அழுதார். அலை என்று சொல்லும்படி நான் மறுபடியும் கெஞ்சினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவ கேட்டவ, சசி” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு டொறத்தி அன்ரியை வீட்டுக்கே அழைத்து வந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளியது நான். கராஜ் வாசல் படியில் நேசன் அண்ணை ஒரு பலகையைச் சரிவாகப் போட்டுவிட்டு, தனக்கு இங்கே வேலை இல்லை என்று உள்ளே போய்விட்டார். ரஞ்சி அக்கா சுற்றி வளைக்கவில்லை. அரிதட்டை எடுத்து இரண்டு கன்னங்களிலும் மாவை அரித்தார். உள்ளங்கையால் வழித்தார். எது எது என்று விளக்கினார். “அதனால்தான் உடைந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அலையும் அடித்திருக்கலாம். ஆனால் வோல்ரர் உங்களுக்குச் சொன்னது உண்மை. அவர் ஆணி பூட்டவில்லை” என்றார். ஆங்கிலத்தில், எங்கள் அறிக்கைகளில் எழுதுவது போலவே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு அவரை அடிக்கலாம் போல் இருந்தது.

டொறத்தி அன்ரி குனிந்து, வலக் கன்னத்தில் புள்ளி நின்றுபோன இடத்தைத் தடவினார். நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். “முதல் வருடம் ஒவ்வொரு நாளும் சொன்னார். பிறகு எடி இறந்த நாளில் மட்டும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான், இல்லை வோல்ரர், அது அலை என்றேன். அவருடைய தாயும் அப்படித்தான் சொன்னார். பாதிரியாரும் சொன்னார். அன்பினால்தான் சொன்னோம். அன்பாகவே அவரைப் பொய்யனாக்கி வைத்திருந்தோம். பிழையே இல்லை என்று சொல்கிறவளிடம் ஒரு மனிதன் எப்படி மன்னிப்புக் கேட்பான்?” இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் படகைப் பார்த்து, “சரி வோல்ரர், நீதான்” என்றார். பிறகு வாய்விட்டு அழுதார். அவருடைய வயதில் ஒருவர் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. ரஞ்சி அக்கா மாப் படிந்த கையோடு அவரைக் கட்டிக்கொண்டு நிலத்தில் முழங்காலில் இருந்தார்.

அன்று அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்போது ரஞ்சி அக்கா, தான் நல்லது செய்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அவவுக்கு ஒரு துக்கம் தீர்ந்துது. நான் இன்னொரு துக்கத்தைக் குடுத்திட்டன்” என்றார். அதுவும் சரிதான். டொறத்தி அன்ரி அதற்குப் பிறகு ஒரு பனிக்காலம்தான் இருந்தார். போகப் போக வோல்ரரைப் பற்றி அதிகம் கதைத்தாராம், அதுவரை சொல்லாத கதையெல்லாம், சண்டைகள் உட்பட. தன் பெயரைப் படகில் திரும்ப எழுதச் சொன்னார். ரஞ்சி அக்கா மேலே பூசியிருந்த நிறத்தை அந்த இடத்தில் மட்டும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை, பழைய எழுத்து அடியில் அப்படியே இருந்தது. பழைய பந்தயப் படகுகளைத் திருத்தி ஓட்டுகிற ஒருவர் கேள்விப்பட்டு வந்து, வலக் கன்னத்துக்கு ஆணி பூட்டி ஏரியில் விடலாம் என்று ஆசையாகக் கேட்டார். ஆணி பூட்டாமல் ஓட்ட ஏலாது, பூட்ட நான் விடமாட்டன் என்று ரஞ்சி அக்கா சொல்லி அனுப்பிவிட்டார். நேசன் அண்ணை அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். கார் உள்ளே வர இருந்த கடைசிச் சந்தர்ப்பமும் போய்விட்டதே.

இந்த வருடம் கோடையில் ரஞ்சி அக்காவுக்கு வயிற்றில் நோவு என்று தொடங்கி, புற்றுநோய் என்றார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். எல்லாம் மளமளவென்று நடந்தது. இலை உதிரத் தொடங்கியபோது அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நம்முடைய ஆட்கள் நோயாளி பார்க்கப் போவது உங்களுக்குத் தெரியும். கட்டிலைச் சுற்றி ஆட்கள். ஒருவர் திருநீறு பூசுவார், ஒருவர் ஜூஸ் ஊற்றுவார். இன்னொருவர் இதைவிட மோசமாக இருந்து எழும்பி நடந்த தன் மச்சாளின் கதையைச் சொல்லுவார். “ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, தைப்பொங்கலுக்கு வீட்டிலை நிப்பியள்” என்று எல்லோரும் சொன்னார்கள். நேசன் அண்ணை சொன்னார். அபி, “யூ ஆர் ஸ்ட்ரோங், அம்மா” என்று காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். நானும் சொன்னேன். ரஞ்சி அக்கா ஒவ்வொருவருக்கும் தலையாட்டிச் சிரித்து, வந்ததற்கு நன்றி சொல்லி, வாசலில் நிற்பவர்களுக்குக் கதிரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். அவரைப் பார்க்க வந்தவர்கள் நல்ல மனத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மத்தியானம் நான் போனபோது அறையில் ஒருவரும் இல்லை. நேசன் அண்ணை சாப்பிடக் கீழே போயிருந்தார். ஜன்னலால் நல்ல வெயில் வந்தது. நான் அலுவலகக் கதைகள் சொன்னேன், புது மனேஜரை நையாண்டி பண்ணினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சசி, நான் தப்பமாட்டன்” என்றார்.

சும்மா இருங்கோ அக்கா, என்ன விசர்க் கதை இது என்று என் வாயில் வந்துவிட்டது. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வார்த்தைகள், தாமாகவே வந்தன. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு சொல் இவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

“ஓம் அக்கா” என்று ஒத்துக்கொண்டேன்.

அவர் கண்ணை மூடிப் பெரிதாக மூச்சு விட்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அவ்வளவு நாளும் எல்லோருக்கும் சிரித்துக் காட்டிய முகம் மெல்லக் குலைந்து ஒரு சின்னப் பிள்ளையின் முகமானது. கையை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப கிட்ட வந்து இரும். எனக்குச் சரியான பயமாக் கிடக்கு” என்றார்.

நான் கட்டிலில் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பயத்தைப் பற்றித்தான் கதைத்தோம். எது எதற்குப் பயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒன்றையும் மறுக்கவில்லை. நேசன் அண்ணையின் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்டிட்டியளோ?” என்று அவரைச் சிரித்துக் கேட்டார்.

ரஞ்சி அக்காவை அறிந்தவர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோ ஒன்று இருக்கும். ஒரு திட்டு, ஒரு பகிடி, ஒரு பெட்டி பற்றிஸ். என்னிடம் இருப்பது அந்த மத்தியானம். அவர் பயப்பட்டார், அதை என்னிடம் சொன்னார், நான் நம்பினேன்.